பாப்பாவைக் குளிப்பாட்டும் நேரம்

கெங்கவல்லி
2 ஆகஸ்ட் 2024

மாமாவுக்கு,

போன் செய்தால் எடுக்க மாட்டேன் என்று எங்கள் வீட்டு வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனீர்கள். கடிதம் எழுதக் கூடாது என்று சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன். நமக்குக் கல்யாணமாகி இரண்டு வருடத்தில் உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது.

பாப்பா எப்படி இருக்கிறாள்? டப்பாப் பால் குடிக்கிறாளா? புட்டியில் குடிக்காவிட்டால் பாலாடையில் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வலது பக்கமாகப் படுக்க வைத்தால் சீக்கிரம் தூங்கிவிடுவாள். இதெல்லாம் அத்தைக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். இருந்தாலும் எழுதுகிறேன்.

நான் கிளம்பிய அன்று அவளுக்கு நான்கு மாதம் நிறைய ஆறு நாள் இருந்தது. கடைக்குப் போய் வருகிறேன் என்று அத்தையின் மடியில் போட்டுவிட்டு சேலம் பஸ்ஸில் ஏறினேன். அத்தை நம்பி வாங்கிக்கொண்டார்கள். அந்த முகம்தான் திரும்பத் திரும்ப வருகிறது.

நீங்கள் வந்து சத்தம் போட்டபோது கதவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன். வெளியே வந்திருந்தால் கையைப் பிடித்து இழுத்துப் போய்ப் பாப்பாவிடம் விட்டிருப்பீர்கள். அதற்குப் பயந்துதான் வரவில்லை.

காரணம் இருக்கிறது. உங்கள் மீதும் அத்தை மீதும் ஒரு குறையும் இல்லை. காரணத்தை நான்கு முறை எழுதி நான்கு முறையும் கிழித்துவிட்டேன்.

முதல் வாரம் பால் கட்டி மார்பு கல்லாகிவிட்டது. அம்மா மல்லிகைப் பூவை வைத்துக் கட்டிவிட்டாள். இப்போது வற்றிவிட்டது. இதை ஏன் உங்களுக்குச் சொல்கிறேன் என்று தெரியவில்லை.

கலைமணி


திருச்செங்கோடு
9 ஆகஸ்ட் 2024

கலைமணிக்கு,

கடிதம் வந்தது. பட்டறை முகவரிக்கு அனுப்பியது நல்லதாகப் போயிற்று. வீட்டுக்கு வந்திருந்தால் அம்மா அடுப்பில் போட்டிருக்கும்.

பாப்பா ஐந்து நாள் டப்பாப் பாலைத் தொடவில்லை. பாலாடையைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆறாம் நாள் குடித்தாள். பசித்தால் குடித்துத்தானே ஆக வேண்டும். நடுவில் ஒரு காய்ச்சல் வந்து போயிற்று. அம்மா தன் சேலையிலேயே போட்டுக்கொண்டு தூங்குகிறது. உன் சேலை ஒன்றை எடுத்துத் தொட்டில் கட்டியதும் பாப்பா அதை வாயில் வைத்துச் சப்பினாள். அம்மா அதை அவிழ்த்துத் தூக்கி எறிந்துவிட்டது.

நான் லாரிக்கு பாடி கட்டுகிறவன். வெல்டிங் விட்டுப்போனால் எங்கே விட்டது என்று தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவேன். இதில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. நான் உன்னை அடித்தேனா? குடித்துவிட்டு வந்தேனா? அம்மா ஒன்றிரண்டு வார்த்தை சொல்லியிருக்கும். எந்த வீட்டில் மாமியார் சொல்லாமல் இருக்கிறார்கள்?

ஆடிக்கு அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று தெருவில் சொல்லி வைத்திருக்கிறோம். பக்கத்து வீட்டில் நேற்றுக் கேட்டுவிட்டார்கள். "ஏனுங்க தனசேகரு, ஆடிக்குப் போறவ பால்குடிப் பிள்ளய உட்டுட்டா போவா?" பட்டறைக்கு நேரமாயிற்று என்று கிளம்பிவிட்டேன். பெரியப்பா அங்கமுத்து ஒரே பிடியாக நிற்கிறார். "ஆவணி பொறந்ததும் ரெண்டு பக்கத்துப் பெரியவங்களையும் உக்கார வெச்சுப் பேசி முடிச்சுக்கலாம் சாமி. பிள்ள நம்ம ஊட்டுலயே இருக்கட்டும்" என்கிறார்.

எனக்கு வேண்டியது காரணம். அது எதுவாக இருந்தாலும் சரி. ஆவணி பிறப்பதற்குள் சொல்.

தனசேகர்


கெங்கவல்லி
14 ஆகஸ்ட் 2024

மாமாவுக்கு,

இந்த முறை கிழிக்க மாட்டேன் என்று ஒருவரிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். அவர் யார் என்று பிறகு சொல்கிறேன். இதை யாரும் இல்லாத இடத்தில் உட்கார்ந்து படியுங்கள். பாதியில் நிறுத்தாதீர்கள்.

பாப்பாவுக்கு முப்பது நாள் ஆனதும் அத்தை எனக்குக் குளிப்பாட்டக் கற்றுக்கொடுத்தார்கள். கீழே உட்கார்ந்து காலை நீட்டி, கால்மேல் குழந்தையைப் போட்டு, ஒரு கையால் தலையைத் தாங்கிக்கொண்டு மறு கையால் தண்ணீர் ஊற்ற வேண்டும். நான்கைந்து நாளில் எனக்கு நன்றாகவே வந்துவிட்டது. ஒருநாள் அத்தை துண்டெடுக்க உள்ளே போனார்கள். செம்பு என் கையில் இருந்தது. அப்போது ஒரு நினைப்பு வந்தது. இந்தத் தண்ணீரை இவள் மூக்கிலும் வாயிலும் ஊற்றினால் என்ன ஆகும்?

ஒரு நொடிதான். செம்பைக் கீழே வைத்துவிட்டேன். பெற்ற பிள்ளையைப் பற்றி எவளாவது இப்படி நினைப்பாளா? இனி நினைக்கவே கூடாது என்று முடிவு செய்தேன். மறுநாள் செம்பைத் தொட்டதும் அதே நினைப்பு. அப்புறம் கத்தியைப் பார்த்தால் வந்தது. மாடிப்படியைப் பார்த்தால் வந்தது. ஒருநாள் நீங்கள் சாப்பிடும்போது, "பீன்ஸ எலி கடிச்சுப் போட்ட மாதிரி இருக்குது" என்று சிரித்தீர்கள், ஞாபகம் இருக்கிறதா? ஒரு மாதமாகக் கத்தியைத் தொடாமல் எல்லாக் காயையும் கையால்தான் ஒடித்துக்கொண்டிருந்தேன். அத்தை அதற்குச் சோம்பேறி என்று திட்டினார்கள். அது எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. சோம்பேறி என்று நினைக்கட்டும், உண்மை தெரிய வேண்டாம்.

குளிப்பாட்ட இடுப்பு வலிக்கிறது என்று பொய் சொல்லி அத்தையையே குளிப்பாட்ட வைத்தேன். துணி காயப் போட மாடிக்குப் போவதை நிறுத்தினேன். பால் கொடுக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு சாமி பெயரை எண்ணிக்கொண்டே கொடுப்பேன். எண்ணிக்கை தப்பினால் முதலிலிருந்து எண்ணுவேன். யாரிடம் சொல்வது? பேய் பிடித்திருக்கிறது என்பார்கள், இல்லாவிட்டால் பிள்ளையைக் கொல்லப் பார்த்தவள் என்பார்கள்.

நான் கிளம்பிய அந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் லாரி ஒப்படைக்க நாமக்கல் போயிருந்தீர்கள். பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டியைக் கடந்தேன். நினைப்பு வந்தது. என் கை நடுங்கிய நடுக்கத்தில் அவளே நழுவி விழுந்துவிடுவாள் போலிருந்தது. இனி இவளுக்கு அருகில் நான் இருக்கவே கூடாது என்று தோன்றியது. அவளை என்னிடமிருந்து தள்ளி வைக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை மாமா.

இங்கே வந்தும் சாப்பிடவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டில் பிள்ளைத்தாய்ச்சியைப் பார்க்க வந்த கிராம நர்ஸ் தமிழ்ச்செல்வி அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். "கொழந்தைய நாமளே எதாவது பண்ணிடுவமோன்னு பயமா இருக்காம்மா?" என்று நேராகக் கேட்டார். அதுவரை ஒருவரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. அவர் மடியில் விழுந்து அழுதேன். அவரும் அப்பாவும்தான் என்னை ஆத்தூரில் டாக்டரிடம் அழைத்துப் போனார்கள்.

டாக்டர் நிறையக் கேட்டார். காதில் குரல் கேட்கிறதா, யாராவது செய்யச் சொல்கிறார்களா என்றார். இல்லை என்றேன். "அந்த நெனப்பு வர்றப்ப உங்களுக்கு எப்படி இருக்கு?" என்றார். பதறுகிறது என்றேன். அப்போதுதான் சொன்னார், இது ஒரு நோய், இதற்குப் பெயர் இருக்கிறது, பிரசவமான பலருக்கு வருகிறது, வெளியே சொல்பவர்கள்தான் குறைவு என்று. மாத்திரை கொடுத்திருக்கிறார். வாரம் ஒருநாள், வியாழக்கிழமை, தேவிப்ரியா மேடம் என்ற மனநல ஆலோசகரிடம் உட்கார்ந்து பேச வேண்டும். வாக்குக் கொடுத்தது அவரிடம்தான். என் வயதுதான் இருக்கும் அவருக்கு.

முதல் நாள் அவர், "ஒரு நிமிஷம் பச்ச லாரிய மட்டும் நெனைக்காம இருங்க" என்றார். எனக்கு வரிசையாகப் பச்சை லாரிகள் வந்தன. ஒன்றின் மேல் நீங்கள் கண்ணாடி போட்டுக்கொண்டு வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தீர்கள். எத்தனையோ நாள் கழித்து அன்றுதான் சிரித்தேன். "துரத்தத் துரத்த வரும். இனிமே துரத்தாதீங்க. 'ஒரு நெனப்பு வந்திருக்கு'ன்னு மனசுக்குள்ள சொல்லிட்டு கையில இருக்கற வேலையப் பாருங்க" என்றார். கேட்க எளிதாக இருக்கிறது. செய்வது எளிதாக இல்லை.

இதுதான் காரணம். இதைப் படித்த பிறகு குழந்தையை என்னிடம் தரக் கூடாது என்று நீங்கள் நினைத்தால் தப்பென்று சொல்ல மாட்டேன்.

கலைமணி


திருச்செங்கோடு
1 செப்டம்பர் 2024

கலைமணிக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. உடனே எழுதாததற்குக் கோபம் காரணமில்லை.

பட்டறையில் புது லாரி கேபினுக்குப் பின்னால் உட்கார்ந்து படித்தேன். லீவு சொல்லிவிட்டு நேராக வீட்டுக்குப் போய்ச் சமையலறையில் இருந்த இரண்டு கத்தியையும் அரிவாள்மனையையும் எடுத்துப் பரண்மேல் போட்டேன். நீ இருப்பது கெங்கவல்லியில். இங்கே கத்தியை ஒளித்து வைத்து என்ன ஆகப் போகிறது? அது எனக்கு அப்போது தோன்றவில்லை. அம்மா வந்து, "ஏஞ்சாமி, அருவாமனய எங்க கொண்டுபோய் வெச்சே, நான் என்னத்தக் கொண்டு காய் அரியறது?" என்று கேட்டபோதுதான் எனக்கே வெட்கமாகப் போயிற்று. இறக்கிக் கொடுத்தேன்.

இதைச் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். நீ அத்தனையும் எழுதியிருக்கும்போது நான் மறைப்பது சரியில்லை.

பெரியப்பாவிடம் பேச்சுவார்த்தை எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கலைமணிக்கு உடம்பு சரியில்லை, வைத்தியம் நடக்கிறது என்றேன். என்ன உடம்புக்கு என்று கேட்டார். நரம்புத் தளர்ச்சி என்று வாயில் வந்ததைச் சொன்னேன். அம்மாவிடமும் அதையேதான் சொல்லியிருக்கிறேன்.

எனக்குக் கேள்வி இருக்கிறது. வெறும் நினைப்புத்தான், செய்ய மாட்டாய் என்று அந்த மேடம் எழுதிக் கொடுப்பாரா? நூற்றுக்கு நூறு உறுதியாகச் சொல்வாரா? சொன்னால் நாளைக்கே வந்து கூட்டிக்கொண்டு வருகிறேன்.

பாப்பா குப்புற விழுந்துவிட்டாள். விழுந்து, கை அடியில் மாட்டிக்கொண்டு எடுக்கத் தெரியாமல் கோபித்துக்கொண்டாள்.

தனசேகர்


கெங்கவல்லி
9 செப்டம்பர் 2024

மாமாவுக்கு,

பாப்பா குப்புற விழுந்த வரியை எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே தெரியாது. அம்மா வாங்கிப் படித்தாள். அப்பா கண்ணாடியைத் தேடி எடுத்துவந்து படித்தார்.

கத்தியை ஒளித்து வைத்ததை எழுதினீர்களே, அது வலித்தது. ஆனால் நான் செய்ததும் அதையேதான். எத்தனை நாள் கத்தியைத் தொடாமல் ஒளிந்தேன்.

உங்கள் கேள்வியை அப்படியே தேவிப்ரியா மேடத்திடம் படித்துக் காட்டினேன். அவர் சொன்னதை எழுதுகிறேன். "நூத்துக்கு நூறு வேணும்ங்கறதுதான் இந்த நோய்க்குத் தீனி. உங்களுக்கும் வேணும், இப்ப உங்க வீட்டுக்காரருக்கும் வேணும். நாளைக்கு ரோட்டுல பத்திரமா போய்ச் சேருவோம்னு அவருக்கு யார் எழுதிக் குடுத்தாங்க? இருந்தும் வண்டியில போறார் இல்லையா? என் அனுபவத்துல, படிப்புல, உங்களால குழந்தைக்கு ஆபத்துன்னு எனக்குத் தோணல. அப்படித் தோணியிருந்தா முதல் நாளே அதுக்கு ஏத்த மாதிரி வேற ஏற்பாடு பண்ணியிருப்பேன். ஆனா சீட்டு எழுதிக் குடுத்தா நாளைக்கு இன்னொரு சீட்டு வேணும்னு இருக்கும்." அதனால் சீட்டு கிடைக்காது மாமா. நானும் இனி அதைக் கேட்கப் போவதில்லை.

எனக்கு இங்கே என்ன வேலை கொடுத்திருக்கிறார் தெரியுமா? பாப்பா போட்டோவை எதிரில் வைத்துக்கொண்டு கத்தியால் கத்தரிக்காய் நறுக்க வேண்டும். நினைப்பு வரும். வரட்டும். சாமி பெயரை எண்ணக் கூடாது, கத்தியைக் கீழே போடக் கூடாது. பயம் பத்துக்கு எத்தனை என்று எழுதிக்கொண்டே நறுக்க வேண்டும். முதல் நாள் ஒன்பது. வேர்த்து ஊற்றியது. எங்கள் வீட்டுக்கு ஒரு வாரத்துக்கு வேண்டிய கத்தரிக்காயை அன்றே நறுக்கிவிட்டேன். முக்கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் நான்கு. நான் எதுவும் செய்து குறைக்கவில்லை. தானாகவே இறங்கியிருந்தது. அப்படி இறங்கும் என்று எனக்கு இதுவரை தெரியாது, ஏனென்றால் ஒருநாளும் நான் அதுவரை நின்றதில்லை.

இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தார். மனம் ஓடும்போது நின்ற இடத்தில் நின்று இரண்டு காலும் தரையில் படுவதைக் கவனிக்க வேண்டும். குதிகால், பெருவிரல், தரை சூடா குளிர்ச்சியா. பிறகு மூச்சு வெளியே போவதைப் பத்துவரை எண்ண வேண்டும். "பயத்த விரட்டறதுக்காகப் பண்ணாதீங்க. நாம இப்ப எங்க நிக்கறோம்னு நமக்கே தெரியறதுக்கு" என்றார்.

நீங்கள் ஒரு வியாழக்கிழமை வர முடியுமா என்று கேட்கிறார். பாப்பாவோடா தனியாகவா என்பது உங்கள் இஷ்டம்.

கலைமணி


திருச்செங்கோடு
20 செப்டம்பர் 2024

கலை,

வரும் வியாழன், 26ஆம் தேதி வருகிறேன். தனியாகத்தான் வருவேன். அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லிவிட வேண்டும்.

போன ஞாயிறு அம்மா கல்யாணத்துக்கு எடப்பாடி போயிருந்தது. நானும் பாப்பாவும்தான். அவளுக்குச் சளி. மூக்கடைத்துக்கொண்டு பால் உறிஞ்ச முடியவில்லை. காலையிலிருந்து அழுகை. தூக்கிக்கொண்டு நடந்தேன், தொட்டிலை ஆட்டினேன், தெருவைக் காட்டினேன். பதினொரு மணிக்கு மேல் ஒரு கட்டத்தில் என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. கையிலிருந்த பால் புட்டியைச் சுவரில் விட்டெறிந்தேன். அவள் கிடந்த தொட்டிலுக்கு ஒரு சாண் தள்ளி. மூடி தெறித்துப் பால் அவள் முகத்தில் விழுந்தது. ஒரு நொடி அழுகையை நிறுத்தி என்னைப் பார்த்தாள். உதடு பிதுங்கியது. அப்புறம் அழுதாள் பார், அது சளிக்கு அழுத அழுகை இல்லை.

நீ நினைத்தாய், செய்யவில்லை. நான் நினைக்கவே இல்லை, செய்துவிட்டேன்.

தொட்டிலில் அவள் பத்திரமாக இருக்கிறாளா என்று பார்த்துவிட்டு வாசலுக்கு வந்தேன். செருப்பில்லாமல் நின்றேன். நீ எழுதியது ஞாபகம் வந்தது. பைத்தியக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டேதான் செய்தேன். குதிகால். பெருவிரல். கருங்கல் சுட்டது. மூச்சை எண்ணினேன். நான்கில் விட்டுப்போயிற்று, மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணினேன். இரண்டாவது முறை எட்டு வரும்போது, பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன் என்பது தெரிந்தது. அதுவரை தெரியவில்லை. உள்ளே போய் அவளைத் தூக்கி முகத்தைத் துடைத்தேன். தோளில் போட்டதும் விக்கிக்கொண்டே தூங்கிவிட்டாள்.

அம்மாவிடம் சொல்லவில்லை. புட்டி கை தவறி விழுந்துவிட்டது என்றேன். ஒரு பொய் சொன்னதற்கே அம்மா முகத்தைப் பார்க்க முடியவில்லை. நீ மூன்று மாதம் எப்படி இருந்தாய்?

தனசேகர்


கெங்கவல்லி
28 செப்டம்பர் 2024

மாமாவுக்கு,

ஆத்தூரில் உங்களை பஸ் ஏற்றிவிட்டு வந்ததிலிருந்து எழுத நினைக்கிறேன். இரண்டு மாதத்தில் நீங்கள் இளைத்துப் போயிருக்கிறீர்கள். அதைக்கூட அங்கே சொல்லவில்லை.

"இவளப் பார்த்தா எனக்குப் பயமா இருக்குதுங்க மேடம்" என்று என்னை வைத்துக்கொண்டே சொன்னீர்கள். எழுந்து வெளியே போய்விடலாமா என்று பார்த்தேன். ஆனால் பயமே இல்லை என்று நீங்கள் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். அப்புறம் புட்டியை எறிந்ததைச் சொன்னீர்கள். சொல்லும்போது உங்கள் கை இரண்டும் தொடைக்கடியில் இருந்தன. மேடம் உங்களுக்குத் தண்ணீர் கொடுத்தார். "கோவம் ஏறும்போது உடம்புல முதல்ல எங்க தெரியுது?" என்று கேட்டார். தாடையில் என்றீர்கள். அதைக் கேட்டதும் எனக்கு உங்கள் மேல் வந்த பிரியத்தை எழுத வரவில்லை.

குளிப்பாட்டுவதுதான் அடுத்த படி என்று அவர் சொன்னார். பக்கத்தில் ஆள் காவல் நின்றால் பலன் இல்லை, காவல் இருந்ததால்தான் பிள்ளை பிழைத்தது என்று மனம் சொல்லிவிடும் என்றார். அவர் சொன்னதிலேயே என்னை அதிகம் பயமுறுத்தியது அதுதான். ஆனால் அவர் சொல்வது எனக்குப் புரிகிறது.

அத்தையிடம் உண்மையைச் சொல்லாமல் நான் அந்த வீட்டுக்குள் வர முடியாது. நரம்புத் தளர்ச்சி என்று சொல்லி எத்தனை நாள் ஓட்டுவது? நான் வந்து சொல்லட்டுமா, நீங்கள் சொல்கிறீர்களா?

கலை


திருச்செங்கோடு
6 அக்டோபர் 2024

கலை,

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். நானேதான் சொன்னேன். நேற்றுக் காலை பாப்பாவுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தது. அப்போது சொல்ல வேண்டாம் என்று காத்திருந்து, பாப்பா தூங்கிய பிறகு சொன்னேன்.

அம்மா முதலில் கோபப்பட்டது. "பெத்த பிள்ளய அப்படி நெனைக்கறவ மனுசியா?" என்றது. அப்புறம் பேய் என்றது, கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய் வேப்பிலை அடிக்க வேண்டும் என்றது. நான் குறுக்கே பேசவில்லை. தாடையைக் கவனித்துக்கொண்டே இருந்தேன். பேசி முடித்த பிறகு, நான் புட்டியை எறிந்ததைச் சொன்னேன். அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தது. எழுந்து போய்த் தொட்டிலை எட்டிப் பார்த்துவிட்டு வந்தது.

அப்புறம் கேட்டது: "காய கையில ஒடிச்சுப் போட்டாளே, அது அதுக்குத்தானா?"

ஆமாம் என்றேன்.

"அத்தன நாளும் இத வயித்துல வெச்சுக்கிட்டா எனக்குச் சோறாக்கிப் போட்டா?" என்று சொல்லி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதது. நான் அம்மாவை அப்படிப் பார்த்ததில்லை.

மனது மாறிவிட்டது என்று நினைக்காதே. நீ குளிப்பாட்டப் போவதைச் சொன்னதும், "என்னால அதப் பாத்துக்கிட்டு நிக்க முடியாது சாமி. வேண்டாம்னும் சொல்ல மாட்டேன். அன்னைக்கு நான் எடப்பாடிக்குப் போயிடறேன்" என்றது. அதற்குமேல் அம்மாவிடம் கேட்பது நியாயமில்லை என்று எனக்குப் பட்டது.

ஆயுத பூஜை முடிந்து பட்டறை திங்கட்கிழமைதான் திறக்கும். 13ஆம் தேதி ஞாயிறு வா. மேடம் சொன்னபடி சாயங்காலம் திரும்பிப் போய்விடலாம். பாப்பாவுக்கு இப்போது ஆறரை மாதம். புது ஆள் தூக்கினால் அழுகிறாள். உன்னைப் பார்த்தும் அழலாம். முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

தனசேகர்


கெங்கவல்லி
15 அக்டோபர் 2024

மாமாவுக்கு,

நீங்கள் வெளியே போன பிறகு உள்ளே என்ன நடந்தது என்று கேட்டீர்கள். பஸ் ஸ்டாண்டில் சொல்ல முடியவில்லை. சொன்னால் அழுதிருப்பேன்.

அவள் என்னைப் பார்த்து அழுவாள் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். தயாராகத்தான் வந்தேன். ஆனாலும் உங்கள் தோளைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வர மாட்டேன் என்று அவள் உதைத்தபோது, மூன்று மாதத்தையும் ஒரே நிமிடத்தில் வாங்கிக்கொண்டேன். இதற்கு எந்தப் பயிற்சியும் இல்லை என்று நினைக்கிறேன்.

வெந்நீரை விளாவி வைத்துவிட்டு, "நான் அந்தப் பக்கம் போயிட்டு வாரேன்" என்றீர்கள். உங்கள் செருப்புச் சத்தம் தெரு முனைவரை கேட்டது. பிறகு கேட்கவில்லை. வீட்டில் நானும் அவளும்தான்.

உட்கார்ந்து காலை நீட்டினேன். அவள் வளர்ந்துவிட்டாள், அவள் கால் என் முழங்காலைத் தாண்டி வருகிறது. அழுதுகொண்டே இருந்தாள். செம்பை எடுத்தேன். நினைப்பு வந்தது. அதே நினைப்பு, அதே வார்த்தைகள். வராது என்று உள்ளுக்குள் ஓர் ஆசை இருந்தது, அது பொய்யாகிவிட்டது. பயம் எட்டு, ஒன்பது. உங்களைக் கூப்பிடலாமா என்று வாய்வரை வந்தது. கூப்பிடவில்லை. நினைப்பு வந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டேன். தண்ணீர் மிதமான சூட்டில் இருந்தது. முதுகில் ஊற்றினேன். காதுக்குப் பின்னால் அழுக்கு இருந்தது, விரலால் தேய்த்து எடுத்தேன். நினைப்பு போகவில்லை. அது ஒரு பக்கம் பேசிக்கொண்டிருந்தது, நான் ஒரு பக்கம் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தேன். தலைக்கு ஊற்றும்போது நெற்றியில் கையை அணை கட்டினேன். அத்தை கற்றுக்கொடுத்தது. கை தானாகவே போய் அங்கே நின்றது.

மூன்றாம் செம்பில் அழுகை நின்றுவிட்டது. என் வளையலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். என்னை அடையாளம் தெரிந்தது என்று சொல்ல மாட்டேன். வளையல்தான் பிடித்திருந்தது. எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

துவட்டிப் பவுடர் போடும்போது பயம் எத்தனை என்று பார்க்க மறந்துவிட்டேன். மேடம் கேட்டால் என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

பயம் முழுக்கப் போய்விட்டது என்று உங்களிடம் சொல்ல மாட்டேன். இன்னும் பல மாதம் மாத்திரை சாப்பிட வேண்டும். சில நாள் நன்றாக இருக்கும், சில நாள் இருக்காது. அப்படிப்பட்ட ஒருத்தியாகத்தான் நான் அந்த வீட்டுக்கு வர முடியும். யோசித்துச் சொல்லுங்கள்.

கலை


திருச்செங்கோடு
18 அக்டோபர் 2024

கலை,

நீ உள்ளே இருந்ததை எழுதினாய். நான் வெளியே இருந்ததை எழுதுகிறேன்.

தெருமுனை டீக்கடைவரை போனேன். டீ சொல்லிவிட்டு வாங்காமல் நின்றேன். திரும்பி ஓடு, திரும்பி ஓடு என்று காலே சொல்லிற்று. உனக்கு வரும் நினைப்பு எப்படி இருக்கும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. என் கண் முன்னால் வந்ததையெல்லாம் இங்கே எழுத மாட்டேன். கடைக்காரர், "ஏனுங்க, டீ ஆறிப்போச்சுங்க" என்றார். குடித்தேன். ஓடவில்லை. இருபது நிமிடம் கழித்து நடந்துதான் வந்தேன். கதவைத் திறந்தால் நீ பவுடர் டப்பாவோடு உட்கார்ந்திருக்கிறாய், அவள் உன் வளையலைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். நேராக உள்ளே போனேன் அல்லவா? முகம் கழுவத்தான் போனேன்.

யோசித்துவிட்டேன். நானும் சில நாள் நன்றாக இருக்கிறேன், சில நாள் இல்லை. தேவிப்ரியா மேடம் எனக்கும் மாதம் ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறார். சேர்ந்தே போய்க்கொள்ளலாம்.

அம்மாவிடம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். நெற்றியில் கை அணை கட்டினாய் என்ற இடத்தில் மறுபடியும் படி என்றது. படித்தேன். அப்புறம் எழுந்து போய்க் கோழிப் பண்ணை மேஸ்திரிக்குப் போன் போட்டது. பாப்பாவுக்காக மூன்று மாதமாகப் பண்ணை வேலையை விட்டு நின்றிருந்தது. 28ஆம் தேதி திங்கட்கிழமையிலிருந்து வருவதாகச் சொல்லிவிட்டது. என்னிடம் கேட்கவும் இல்லை, உன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை.

அதனால் 27ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை உன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிடு. உன் துணிமணியெல்லாம் எடுத்துக்கொண்டு வா. திங்கட்கிழமை அம்மா ஏழரைக்குக் கிளம்பிவிடும். நான் எட்டு மணிக்குப் பட்டறைக்குப் போய்விடுவேன், சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் வருவேன். பாப்பா ஒன்பது மணிக்குக் குளிப்பாள்.

தனசேகர்